அக்கூஸ்டிக் கிட்டாருக்கு விரல் வலிக்காத கம்பி: கேஜ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டீல் கம்பி போட்ட ஆறு கம்பி அக்கூஸ்டிக் கிட்டாரை மனதில் வைத்து எழுதியது இது. நைலான் கம்பி கிட்டாருக்கும் பன்னிரண்டு கம்பி கிட்டாருக்கும் கீழே தனிக் கேள்விகள் உண்டு.

10, 11, 12 என்று கடையில் கேட்கிறார்களே, அது என்ன எண்?

கம்பியின் விட்டம். கேஜ் என்பதும் இதுதான். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் எத்தனை பங்கு என்று எண்ணுவது வழக்கம். 12 என்றால் 0.012 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.30 மில்லிமீட்டர். ஒரு செட்டை அதன் முதல் கம்பியின் (ஆக மெல்லியது) எண்ணால் அழைப்பார்கள். ‘12 செட்’ என்றால் முதல் கம்பி 12, ஆறாம் கம்பி 53 அல்லது 54.

பரவலாகக் கிடைக்கும் நான்கு செட்களின் அளவு, முதல் கம்பியிலிருந்து ஆறாவது வரை:

10-47: 10, 14, 23, 30, 39, 47
11-52: 11, 15, 22, 32, 42, 52
12-53: 12, 16, 24, 32, 42, 53
13-56: 13, 17, 26, 35, 45, 56

இவை டாடாரியோ பாஸ்பர் பிரான்ஸ் செட்களின் அளவுகள். மற்ற கம்பெனிகளில் ஓரிரு எண் கூடக் குறைய இருக்கும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: 10 செட்டின் மூன்றாம் கம்பி 23, 11 செட்டின் மூன்றாம் கம்பி 22. 10 செட் போட்ட பிறகும் இந்த மூன்றாம் கம்பியான ஜி மட்டும் விறைப்பாக இருப்பதாகப் பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். கை தவறாகச் சொல்லவில்லை.

நேராகச் சொல்லுங்கள், எதை வாங்குவது?

முழு அளவு கிட்டார், கற்கத் தொடங்கி ஓராண்டுக்குள், விரல் வலிக்கிறது என்றால் 11-52 வாங்குங்கள். மூட்டு வலி இருந்தாலும், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் முழு அளவு கிட்டாரில் பழகுவதாக இருந்தாலும் 10-47. விரல் பழகிவிட்டது, பிக் வைத்து ஓங்கி ஸ்ட்ரம் செய்கிறீர்கள், மைக் இல்லாமல் நாலு பேர் பாடும் இடத்தில் வாசிக்கிறீர்கள் என்றால் 12-53. 13-56 வேண்டும் என்கிறவருக்கு அது ஏன் வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்: ப்ளூகிராஸ் வாசிப்பு, சுருதியை வெகுவாக இறக்கி வாசிப்பது, நீளம் குறைந்த சிறிய கிட்டார்.

ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் அடுத்த மூன்று கேள்விகளையும் படியுங்கள். விரல் வலிக்கிறது என்று வருபவர்களில் பலருக்குக் கோளாறு கம்பியின் தடிமனில் இல்லை, கம்பியின் உயரத்தில் இருக்கிறது.

தடிமன் ஒரு எண் குறைந்தால் உண்மையில் எவ்வளவு வித்தியாசம் வரும்?

இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தோடு மாறும். அதனால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்கூட விரலுக்குத் தெரியும். கம்பியின் ஒலிக்கும் நீளம் 25.5 அங்குலமாக உள்ள கிட்டாரில், வழக்கமான ட்யூனிங்கில், முதல் கம்பி தாங்கும் இழுவிசை இப்படி: 13 என்றால் 12.4 கிலோ, 12 என்றால் 10.6, 11 என்றால் 8.9, 10 என்றால் 7.4. அதாவது 12-லிருந்து 10-க்கு இறங்கும்போது விட்டம் குறைவது 0.05 மில்லிமீட்டர்தான். இழுவிசை குறைவதோ 30 சதவீதம்.

ஆறு கம்பியும் சேர்ந்து கிட்டாரின் மேல்பலகையை இழுக்கும் மொத்த விசை 10 செட்டில் சுமார் 60 கிலோ, 11-ல் 67, 12-ல் 74, 13-ல் 84. கிட்டார் பழையதாகவோ மலிவானதாகவோ இருந்தால் இந்த எண்களுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகள் மாட்டும் கட்டை) பெயர்வதும் மேல்பலகை உப்புவதும் இந்த விசையால்தான்.

காசு செலவில்லாமல் மெல்லிய கம்பி எப்படி இருக்கும் என்று பார்க்க முடியுமா?

முடியும். இருக்கிற 12 செட்டை ஆறு கம்பியிலும் அரை ஸ்டெப் இறக்கி ட்யூன் செய்யுங்கள்: ஈ-யை ஈ ஃப்ளாட்டுக்கு, பி-யை பி ஃப்ளாட்டுக்கு, இப்படியே மற்றவையும். இழுவிசை 11 சதவீதம் குறைந்து, முதல் கம்பி 9.4 கிலோவுக்கு வரும். வழக்கமான சுருதியில் 11 செட் தரும் 8.9 கிலோவுக்கு இது பக்கத்தில். முழு ஸ்டெப் இறக்கினால் 21 சதவீதம் குறைந்து 8.4 கிலோ. அது 11-க்கும் 10-க்கும் நடுவில். இரண்டு நாள் அப்படியே வாசித்துப் பாருங்கள். கை ‘ஆ’ என்று சொன்னால் மெல்லிய செட் வாங்கலாம். பெரிய மாற்றம் தெரியவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில்.

இந்தச் சோதனையின்போது காப்போ (கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போடாதீர்கள். காப்போ போட்டதும் நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட பட்டை) பக்கத்து உயரமும் சேர்ந்து குறையும். எது உதவியது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

சோதனை பிடித்திருந்தால், அரை ஸ்டெப் இறக்கியே வைத்திருப்பதிலும் தவறில்லை. தனியாகப் பாடிப் பழகுகிறவர்களுக்குக் குரலுக்கும் அது இதமாக இருக்கும். மற்ற வாத்தியங்களோடு சேரும்போது முதல் ஃப்ரெட்டில் காப்போ போட்டால் சுருதி சரியாகிவிடும்.

கம்பி உயரம்தான் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்: நட் பக்கம், பன்னிரண்டாம் ஃப்ரெட். முதலில் கிட்டாரைச் சரியாக ட்யூன் செய்துகொள்ளுங்கள். சுருதி இறங்கிய கிட்டாரில் எடுக்கும் அளவு பொய் சொல்லும்.

நட்: ஒரு கம்பியை இரண்டாம் ஃப்ரெட்டுக்கும் மூன்றாம் ஃப்ரெட்டுக்கும் இடையில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அது ஒன்று நுழைந்தால் சரி. இரண்டு மூன்று தாள் தாராளமாக நுழைந்தால் நட் பள்ளம் ஆழம் போதவில்லை. ஆறு கம்பிக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று சரியாக இருந்து பக்கத்தில் உள்ளது மேலே இருக்கும்.

இதையே கையால் உணரவும் வழி இருக்கிறது. முதல் ஃப்ரெட்டில் எஃப் பார் கார்ட் (சுட்டுவிரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்தும் பிடி) பிடியுங்கள். பிறகு முதல் ஃப்ரெட்டில் காப்போ போட்டு, அதே வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடியுங்கள். இரண்டாவது வெண்ணெய் போல் வந்தால் நட் உயரம்தான் உங்களை இத்தனை நாள் வதைத்திருக்கிறது.

பன்னிரண்டாம் ஃப்ரெட்: இங்கே எதையும் அழுத்தாமல், ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடையே அளக்க வேண்டும். ஆறாம் கம்பியில் 2.4 மில்லிமீட்டர், முதல் கம்பியில் 1.6 முதல் 1.9 வரை. இது வசதியான அளவு. அளக்கக் கருவி இல்லை என்றால் ஏடிஎம் அட்டை போதும். எழுத்து புடைக்காத அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். ஆறாம் கம்பிக்கு அடியில் மூன்று அட்டை கம்பியைத் தூக்காமல் நுழைய வேண்டும், நான்கு நுழையக் கூடாது. முதல் கம்பிக்கு இரண்டு அட்டை. ஆறாம் கம்பிக்கு அடியில் நான்கு அட்டை எளிதாக நுழைந்தால் உயரம் 3 மில்லிமீட்டருக்கு மேல். அந்தக் கிட்டாரில் 10 செட் போட்டாலும் கை வலிக்கும்.

கம்பியை ஃப்ரெட் வரை தள்ள வேண்டிய விசை, இழுவிசை, உயரம் இரண்டையும் பொறுத்தது. நட் பக்கத்து உயரத்தைப் பாதியாக்கினால் முதல் ஃப்ரெட்டில் தேவையான விசையும் ஏறக்குறைய பாதியாகும். 12-லிருந்து 11-க்கு மாறினால் முதல் கம்பியில் குறைவது 16 சதவீதம். எதை முதலில் செய்ய வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

உயரத்தை நானே குறைக்கலாமா?

சாடிலைக் குறைக்கலாம், நட்டைத் தொடாதீர்கள் என்பது எங்கள் கருத்து.

சாடில் என்பது பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைப் பட்டை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 0.5 மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்றால் சாடிலில் 1 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும், எப்போதும் இரட்டிப்பு. கம்பிகளைத் தளர்த்தி சாடிலை உருவி, அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகடு போன்ற சமதளத்தில் உப்புத்தாளை ஒட்டி, சாடிலைச் செங்குத்தாகப் பிடித்து அடிப்பக்கத்தைத் தேயுங்கள். மேல்பக்கத்தைத் தேய்க்கக் கூடாது. அங்கே இருக்கும் வளைவும் வெட்டும் சுருதிக்காகச் செய்யப்பட்டவை. கோட்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, போட்டுப் பார்த்து, மறுபடி தேய்ப்பது நல்லது. தேய்த்துவிட்டால் திரும்ப வளராது. ஆகவே தேய்ப்பதற்கு முன் அதே அளவில் இன்னொரு சாடில் வாங்கி வைத்துக்கொண்டால் பயமில்லை. சாடிலுக்கு அடியில் பிக்கப் (ஒலியை ஆம்ப்புக்கு அனுப்பும் உணரி) இருந்தால் அடிப்பக்கம் அப்பழுக்கில்லாத சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆம்ப்பில் ஒரு கம்பி உரக்கவும் இன்னொன்று மெதுவாகவும் கேட்கும்.

சாடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு ஒட்டிக் கிடக்கிறது, உயரம் மட்டும் குறையவில்லை என்றால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். மேல்பலகை உப்பியிருக்கும், அல்லது கழுத்து முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். மெல்லிய கம்பி அதை மேலும் மோசமாகாமல் தடுக்கும், சரிசெய்யாது.

நட் பள்ளத்துக்குக் கம்பியின் தடிமனுக்கு ஏற்ற தனித்தனி அரம் வேண்டும். ஒரு இழுப்பு கூடினால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் மோதி ஜிர்ரென்று இரையும், பிறகு புது நட்தான். ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்தால் கொஞ்ச நேர வேலை.

பாக்கெட்டில் ‘லைட்’ என்று போட்டிருந்ததால் வாங்கினேன். அப்படியும் தடிமனாக இருக்கிறதே?

பெயரை நம்பாதீர்கள், எண்ணை மட்டும் பாருங்கள். மார்ட்டின் ‘லைட்’ 12-54. எலிக்ஸிர் ‘லைட்’ 12-53. எர்னி பால் எர்த்வுட் வரிசையில் ‘லைட்’ என்றாலே 11-52. அங்கே 12-54-க்கு ‘மீடியம் லைட்’ என்று பெயர். எர்னி பாலின் ‘எக்ஸ்ட்ரா லைட்’ 10-50, மற்ற பலருடையது 10-47. ‘லைட் கொடுங்கள்’ என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது எதுவாகவும் இருக்கலாம். ‘பதினொன்று ஐம்பத்திரண்டு’ என்று கேளுங்கள்.

மெல்லிய கம்பி போட்டால் சத்தம் குறையுமா?

குறையும். குறிப்பாக ஆறாம், ஐந்தாம் கம்பிகளின் அடிநாதம். பெரிய உடல் கொண்ட ட்ரெட்நாட் கிட்டாரில் 12-லிருந்து 10-க்குப் போனால் இது நன்றாகவே தெரியும். 12-லிருந்து 11-க்கு என்றால் இரண்டையும் அடுத்தடுத்து கேட்டால்தான் பலருக்குத் தெரியும். உடல் சிறியதாகவும் மேல்பலகை மெல்லியதாகவும் உள்ள கிட்டார்களில் இழப்பு இன்னும் குறைவு. அவற்றில் 11 செட் சில சமயம் 12-ஐ விடத் தெளிவாகவே ஒலிக்கும். ஜிப்சி ஜாஸ் வாசிப்பவர்கள் 10, 11 செட்களைப் போட்டுக்கொண்டுதான் அத்தனை உரத்த ஒலியை எழுப்புகிறார்கள். கிட்டாரின் அமைப்பு, பிக், வலது கையின் அடி எல்லாம் சேர்ந்து வருவது அது.

வலது கைப் பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். மெல்லிய கம்பியை ஓங்கி அடித்தால் அடித்த கணத்தில் சுருதி மேலே போய்ப் பிறகு இறங்கும். வீச்சு அகலமாகி ஃப்ரெட்டில் மோதி இரையும். பிக்கையும் 0.5 முதல் 0.7 மில்லிமீட்டருக்கு இறக்குங்கள். இடது கையும் அப்படியே. 12 செட்டில் பழகிய அழுத்தத்தை 10 செட்டில் கொடுத்தால் கார்ட் முழுவதும் சுருதி ஏறிக் கேட்கும். ட்யூனர் சரி என்று காட்டுகிறது, கார்ட் மட்டும் பிசகுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் பிடியை.

11 போட்ட பிறகு ஃப்ரெட்டில் இரைச்சல் வருகிறது. கம்பி கெட்டதா?

கம்பி நல்லதுதான். இழுவிசை குறைந்ததால் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. கழுத்தில் இருக்க வேண்டிய மெல்லிய குழிவு போய்விட்டது.

பார்க்கும் முறை: ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடலைச் சேரும் பதினான்காம் ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள். ஆறு அல்லது ஏழாம் ஃப்ரெட்டின் மேல் 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், அதாவது ஒன்று அல்லது இரண்டு ஏ4 தாள். கம்பி ஃப்ரெட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) தளர்த்த வேண்டும்: ஆலன் கீயை இடஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி ட்யூன் செய்து, கொஞ்ச நேரம் விட்டு அளந்து பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்ப வேண்டாம். ராட் அசையவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். முறிந்தால் கழுத்தைப் பிளந்துதான் சரிசெய்ய முடியும். மலிவான சில கிட்டார்களில் டிரஸ் ராடே இருக்காது.

இரைச்சல் எங்கே வருகிறது என்பதிலும் துப்பு இருக்கிறது. முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் மட்டும் என்றால் கழுத்து. பன்னிரண்டுக்கு மேல் என்றால் சாடில் இறங்கிவிட்டது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. திறந்த கம்பியில் மட்டும் என்றால் நட்.

தடிமன் ஏற்றும்போது எல்லாம் தலைகீழ்: குழிவு கூடும், உயரம் ஏறும், ராடை வலஞ்சுழியாக இறுக்க வேண்டும். நட் பள்ளத்தில் தடித்த கம்பி சிக்கி, ட்யூன் செய்யும்போது ‘டிங்’ என்று துள்ளும். பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவினால் சிக்கல் குறையும். அப்படியும் துள்ளினால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும்.

பிள்ளைக்கு முக்கால் அளவு கிட்டார். அதற்கு மிக மெல்லிய 10 செட்தானே சரி?

இல்லை, இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நட்டிலிருந்து சாடில் வரையிலான நீளம் குறைந்தால் அதே கம்பியின் இழுவிசையும் குறையும், அதுவும் நீளத்தின் வர்க்கப்படி. 650 மில்லிமீட்டர் கிட்டாரில் உள்ள கம்பியை 580 மில்லிமீட்டர் கிட்டாரில் அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை 20 சதவீதம் குறைந்திருக்கும். ஆகவே முக்கால் கிட்டாரில் 12 செட் போட்டாலே கைக்கு 10, 11 செட் போலத்தான் இருக்கும். அங்கே 10 போட்டால் கம்பி தொளதொளவென்று சுருதி நிற்காமல் ஆடும். பிள்ளை எவ்வளவு சரியாக வாசித்தாலும் பிசகாகக் கேட்டு, ஆசையே விட்டுப் போகும். 12 போடுங்கள், வலித்தால் 11.

டெய்லர் கம்பெனி தன் ஜிஎஸ் மினி கிட்டாரை 13-56 செட்டோடு அனுப்புவதும் இதே கணக்கில்தான். அதன் நீளம் 23.5 அங்குலம். அந்த நீளத்தில் 13-ஆம் எண் முதல் கம்பிக்கு வரும் இழுவிசையும், 25.5 அங்குலத்தில் 12-க்கு வருவதும் ஒன்றே: 10.6 கிலோ.

பெரியவர்களுக்கும் இது பயன்படும். யமஹா எஃப்ஜி 800-இன் நீளம் 650 மில்லிமீட்டர், எஃப்எஸ் 800-இன் நீளம் 634. ஒரே செட் போட்டால் பின்னதில் ஐந்து சதவீதம் இலகு. கிட்டாரே இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள், கை சிறியது என்றால் இந்த நீளத்தையும் கேட்டு வாங்குங்கள்.

நைலான் கிட்டாரில் மெல்லிய ஸ்டீல் கம்பி போடலாமா? அல்லது ஸ்டீல் கிட்டாரில் நைலான்?

முதலாவது கூடவே கூடாது. கிளாசிக்கல் கிட்டாரின் மேல்பலகையும் உள்தாங்கிகளும் சுமார் 40 கிலோ இழுவிசைக்காகச் செய்யப்பட்டவை. பெரும்பாலானவற்றில் டிரஸ் ராடும் இல்லை. ஆக மெல்லிய 10 செட் என்றாலும் 60 கிலோ. சில வாரங்களில் பிரிட்ஜ் பெயரும், இல்லையென்றால் கழுத்து வளையும். கிட்டார் எந்த வகை என்று தெரியவில்லையா? தலைப்பகுதியில் நீள்துளைகள், அகலமான கழுத்து, பிரிட்ஜில் கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டும் துளைகள் இருந்தால் அது நைலான் கிட்டார்.

இரண்டாவதால் கிட்டாருக்கு ஆபத்து இல்லை, ஆனால் ஒலி செத்துப்போகும். நைலானின் மென்மை பிடிக்கிறது என்றால் ‘சில்க் அண்ட் ஸ்டீல்’ என்ற செட்டைப் பாருங்கள். தடித்த கம்பிகளின் உள்ளே எஃகோடு பட்டிழையோ அது போன்ற செயற்கை இழையோ சேர்ந்திருக்கும். அளவு 11-47-ஐ ஒட்டி வரும். விரலுக்கு மிக இதம், ஒலி மென்மை, கையால் மீட்டுவதற்கு நல்லது. ஸ்ட்ரம் செய்கிறவருக்குப் பிடிக்காது.

எலக்ட்ரிக் கிட்டாரின் 9 செட்டைப் போட்டால் இன்னும் சுலபம் ஆகாதா?

கைக்குச் சுலபம்தான், முதல் கம்பி 6 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். காதுக்கு நன்றாக இராது. அதன் தடித்த கம்பிகள் மேலுள்ள நிக்கல் சுற்று அக்கூஸ்டிக்கில் மெலிந்து ஒலிக்கும். மூன்றாம் கம்பி அதில் சுற்றில்லாத வெறுங்கம்பி. அக்கூஸ்டிக் சாடில் சுற்றுள்ள ஜி கம்பிக்குக் கணக்கிட்டு வெட்டப்பட்டது, அதனால் மேல் ஃப்ரெட்டுகளில் ஜி சுருதி ஏறும்.

ஒருவருக்கு மட்டும் இந்த வெறுங்கம்பி ஜி உண்மையாகவே உதவும்: கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவர். சுற்றுள்ள மூன்றாம் கம்பியை இழுத்துக் கமகம் கொண்டுவருவது கடினம். எவ்வளவு இழுத்தாலும் சுருதி குறைவாகத்தான் ஏறும், விரலும் சுற்றில் உராயும். அவர் 10 அல்லது 11 செட் வாங்கி, மூன்றாம் கம்பியை மட்டும் எடுத்துவிட்டு 18-ஆம் எண் வெறுங்கம்பி போட்டுக்கொள்ளலாம். ஜி கம்பிக்கு நேராகச் சாடிலின் உச்சியைக் கொஞ்சம் பின்னோக்கிச் சரித்தால் சுருதியும் நிற்கும்.

பிரான்ஸ், பாஸ்பர் பிரான்ஸ், கோட்டட்: இவற்றில் விரலுக்கு இதமானது எது?

80/20 பிரான்ஸா, பாஸ்பர் பிரான்ஸா என்பது ஒலிக்கான தேர்வு. முன்னது பளிச்சென்று, பின்னது கொஞ்சம் கதகதப்பாக. விரல் வலிக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு. மேற்பூச்சுள்ள கோட்டட் கம்பி வழுக்கும், கார்ட் மாற்றும்போது உராய்வு குறையும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில், கை வியர்க்கிறவருக்கு, அது கொடுக்கும் கூடுதல் காசுக்குத் தகும். மற்றவை சில வாரங்களில் துருப்பிடித்துச் சொரசொரக்கும். துருப்பிடித்த 11, புதிய 12-ஐ விட அதிகமாக விரலை அறுக்கும். பூச்சில்லாத கம்பி என்றால் வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் காய்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடையுங்கள். தினமும் ஒரு மணி நேரம் வாசித்தால் இரண்டு மூன்று மாதத்தில் செட்டை மாற்றிவிடலாம்.

மழைக்காலத்தில் இன்னொன்றும் நடக்கும். மரம் ஈரத்தை உறிஞ்சி மேல்பலகை உப்பும், கம்பி உயரும். சித்திரையில் இலகுவாக இருந்த கிட்டார் ஐப்பசியில் கடினமாவது இதனால்தான். கிட்டாரை உறையில் போட்டு சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அடுத்த செட் வாங்குவதற்கு முன் உயரத்தை அளந்து பாருங்கள்.

கேஜ் மாற்றும்போது கம்பி கட்டுவதில் கவனிக்க வேண்டியது என்ன?

ஆறையும் சேர்த்து மாற்றுங்கள். முதல் கம்பியை மட்டும் மெல்லியதாக்கினால் பக்கத்துக் கம்பியோடு ஒலியும் விறைப்பும் ஒத்துப்போகாது. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டலாம், ஆறையும் கழற்றிவிட்டு ஃப்ரெட்போர்டைத் துடைத்தும் மாட்டலாம். சில மணி நேரம் இழுவிசை இல்லாமல் இருப்பதால் கழுத்துக்கு ஒன்றும் ஆகாது.

கம்பி முனையிலுள்ள குண்டு பிரிட்ஜின் அடிப்பலகையில் முட்டி நிற்க வேண்டும், பிரிட்ஜ் பின்னின் (கம்பியைத் துளையில் பிடித்துவைக்கும் சிறு முளை) அடிநுனியில் அல்ல. அந்தப் பின் துள்ளி எழுவது இந்தத் தவறால்தான். குண்டை ஒட்டிக் கம்பியைச் சற்று வளைத்து உள்ளே விட்டு, பின்னின் பள்ளம் கம்பியைப் பார்க்கும்படி செருகி, பின்னை ஒரு விரலால் அழுத்தியபடி கம்பியை மேலே இழுங்கள். இழுவை சட்டென்று நின்றால் குண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

ட்யூனிங் முளையைத் தாண்டி 4, 5 சென்டிமீட்டர் (வெறுங்கம்பிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக) விட்டுச் சுற்றுங்கள். சுற்றுள்ள தடித்த கம்பிக்கு இரண்டு சுற்று, வெறுங்கம்பிக்கு மூன்று, நான்கு. ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே போக வேண்டும். ரவுண்ட் கோர் (உள்கம்பி உருண்டையானது) என்று அச்சிட்ட செட் என்றால், நுனியை வெட்டுவதற்கு முன் வெட்டும் இடத்துக்கு முன்னால் 90 பாகைக்கு மடக்குங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று அவிழ்ந்து கம்பி ஊமையாகிவிடும். ட்யூன் செய்த பிறகு ஒவ்வொரு கம்பியையும் பன்னிரண்டாம் ஃப்ரெட் அருகே விரலால் மெல்லத் தூக்கி இழுத்து, திரும்ப ட்யூன் செய்யுங்கள். மூன்று முறை செய்தால் சுருதி நிற்கத் தொடங்கும்.

எத்தனை நாளில் வலி போகும்? எப்போது கவலைப்பட வேண்டும்?

விரல் நுனி காய்த்துப்போக இரண்டு முதல் நான்கு வாரம். ஒரேயடியாக ஒரு மணி நேரம் வாசிப்பதை விட 15 நிமிடமாக மூன்று முறை வாசித்தால் சீக்கிரம் காய்க்கும். கை ஈரமாக இருக்கும்போது, குளித்த உடனே, வாசிக்க வேண்டாம், காய்ப்பு உரிந்துவிடும். நுனித்தோல் எரிவது இயல்பு. மணிக்கட்டு வலி, பெருவிரல் அடியில் வலி, விரல் மரத்துப்போவது இயல்பல்ல. அவற்றைக் கம்பி மாற்றிச் சரிசெய்யப் பார்க்காமல் வாசிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பன்னிரண்டு கம்பி கிட்டாருக்கு?

10-47 அளவில், பன்னிரண்டு கம்பிக்கென்றே விற்கும் செட். அதற்கு மேல் போகாதீர்கள். மெல்லிய செட்டிலேயே மொத்த இழுவிசை 100 கிலோவைத் தாண்டும். ஆறு கம்பி செட் இரண்டை வாங்கி மாட்ட முடியாது: மூன்றாம் கம்பி முதல் ஆறாம் கம்பி வரை ஜோடியில் ஒன்று ஒரு ஸ்தாயி மேலே ட்யூன் செய்யப்படுவது, அதற்கு மெல்லிய கம்பி வேண்டும். ஜி-யின் ஜோடிக் கம்பி 8 அல்லது 9 எண்தான், அறுந்தால் அதுதான் முதலில் அறும். தனியாக இரண்டு வாங்கி கேஸில் போட்டு வையுங்கள். விரல் வலிக்கிறது என்றால் முழு ஸ்டெப் இறக்கி ட்யூன் செய்து, இரண்டாம் ஃப்ரெட்டில் காப்போ போட்டு வாசியுங்கள். பன்னிரண்டு கம்பி கிட்டாரை அப்படி வாசிப்பது பழைய வழக்கம், பிரிட்ஜுக்கும் ஆயுள் கூடும்.